ஆள் வந்தால் வராத கோளாறு

உங்களுக்கு எந்த ஸ்டேஷன் சார்? தாம்பரமா? நல்லது. நானும் தாம்பரம்தான் டிக்கெட் எடுத்திருக்கிறேன். அங்கே இறங்குவேனா என்பது வேறு விஷயம். செங்கல்பட்டிலேயே இறங்கி, எதிர்வண்டி பிடித்துத் திண்டிவனத்துக்கே திரும்பினாலும் திரும்புவேன். இன்னும் முடிவு பண்ணவில்லை.

வேண்டாம் சார், பையை நீங்க பிடிக்க வேண்டாம். என் மடியிலேயே இருக்கட்டும். கோவிச்சுக்காதீங்க. கண் தெரியாதவன் என்று இரக்கப்பட்டுக் கேட்கிறீங்க, புரிகிறது. ஆனால் பத்தொன்பது வருஷம் இதே லைனில் சீப்பு, பேனா, காது குடைகிற பட்ஸ் விற்றவன் நான். "குடுங்கண்ணே, நான் பிடிச்சுக்கிறேன்" என்று அன்பாக வாங்கின பைகள் ரெண்டு மேல்மருவத்தூரில் இறங்கிப் போயிருக்கின்றன. வாங்கின ஆளும் கூடவே இறங்கிவிட்டான்.

என் பேர் எட்டியப்பன். ஒரு நியாயம் கேட்க வேண்டும். உங்க குரலைக் கேட்டால் அவசரப்படாத ஆள் மாதிரி இருக்கிறது. முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்லுங்க, நான் தப்பா இல்லையா என்று. ஏனென்றால் தாம்பரத்தில் இன்றைக்குப் பதினொரு மணிக்கு ஒரு கூட்டம். அங்கே போய், எல்லோர் முன்னாலும் ரெஜினா என்கிற ஒரு அம்மாவைப் பார்த்து, நான் பேசினது தப்பு என்று சொல்ல வேண்டுமாம். சொன்னால் அந்த அம்மா திரும்பி வருவாங்களாம். வராவிட்டால் ஒரு சாஃப்ட்வேர் செத்துப் போகுமாம். அதை வைத்துப் பிழைக்கிறவர்கள் என்னை மாதிரி நானூறு பேர். இந்த நானூறு பேர் பாரத்தையும் தூக்கி என் தலையில் வைத்துவிட்டார்கள்.

சும்மா கொடுக்கிறேன் என்கிறவனை நான் நம்புவதே இல்லை சார். விலை சொல்கிறவனோடு சண்டை போடலாம். அவன் இருபது என்பான், நாம் பத்து என்போம், கடைசியில் ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு பதினாலில் முடிப்போம். அதில் ஒரு மரியாதை இருக்கிறது. சும்மா கொடுக்கிறவனிடம் என்னவென்று பேசுவது? அவன் கையில் என்ன இருக்கிறது என்றே தெரியாதே.

செவிவழி என்று ஒரு சாஃப்ட்வேர். கம்ப்யூட்டர் திரையில் இருப்பதை எல்லாம் தமிழில் வாயால் படித்துச் சொல்லும். நாம் தட்டுகிற ஒவ்வொரு சொல்லையும் காதில் சொல்லும். வெளிநாட்டுச் சாமான் ஒன்று இருக்கிறது, விலையைக் கேட்டால் இருக்கிற காதும் போய்விடும். இதுவோ சும்மா. ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள், காலேஜ் பிள்ளைகள் என்று பத்து இருபது பேர் சேர்ந்து, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் எழுதுகிறார்களாம். யாருக்கும் சம்பளம் கிடையாதாம். இதற்குத் தலைவர் மகுடபதி. காலேஜில் தமிழ் வாத்தியார், அவருக்கும் கண் தெரியாது. கம்ப்யூட்டர் பயிற்சியில் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். முதல் நாளே கேட்டேன்.

"சார், இதுல உங்களுக்கு என்ன லாபம்?"

"லாபம்னு ஒண்ணும் இல்ல எட்டியப்பன்."

"அப்போ நஷ்டம் யாருக்கு?"

"நஷ்டமும் இல்லய்யா."

"லாபமும் இல்ல, நஷ்டமும் இல்லன்னா அது வியாபாரமே இல்ல சார். அதுல என்னமோ இருக்கு."

அவர் சிரித்தார். இப்படிச் சிரிக்கிற ஆளைக் கண்டால் எனக்கு இன்னும் ஆகாது.

இருந்தாலும் வாங்கிக்கொண்டேன். வேறு வழி? வண்டியில் விற்கப் போனால் போலீஸ் ஒரு பக்கம், முட்டி வலி ஒரு பக்கம். டைப்பிங் கற்றுக்கொண்டு எங்கள் ஊர் சார்பதிவாளர் ஆபீஸ் எதிரே, கோதண்டம் என்கிற பத்திர எழுத்தரிடம் சேர்ந்தேன். தகரக் கொட்டகை. அவர் சொல்லச் சொல்ல நான் அடிப்பேன். கிரயப் பத்திரம், தானப் பத்திரம், பாகப்பிரிவினை. என் வேகத்துக்கு அவர் வாய் ஈடுகொடுக்காது. "எட்டி, கொஞ்சம் நிறுத்துய்யா, வெத்தலையத் துப்பிக்கிறேன்" என்பார். எட்டு மாசம் ராஜா மாதிரி இருந்தேன்.

ஒன்பதாம் மாசம் ஆரம்பித்தது. அடித்துக்கொண்டே இருப்பேன், திடீரென்று காதில் ஒன்றுமே வராது. கம்ப்யூட்டர் ஓடுகிறது, விசிறிச் சத்தம் கேட்கிறது, குரல் மட்டும் இல்லை. எந்தப் பட்டனைத் தட்டினாலும் ஊமை. அணைத்துப் போட்டால் மறுபடி பேசும். ஒரு நாள் நாலு தடவை. அப்புறம் ரெண்டு நாள் ஒன்றும் இருக்காது. அப்புறம் காலையிலேயே. ஒரு கணக்கும் கிடையாது.

குரல் நின்றது தெரியாமல் நான் தட்டிக்கொண்டே போன ஒரு பத்திரத்தில் எல்லை தப்பாகிவிட்டது. நாலு பக்கமும் யார் நிலம் என்று எழுதுவோமே, அதில் தெற்கு ரெண்டு தடவை வந்து வடக்கே இல்லை. வாங்குகிறவர் கண்ணில் பட்டுவிட்டது. கொட்டகையில் ஒரே ரகளை.

"எட்டி, இது நிலம்யா," என்றார் கோதண்டம். "தெற்க ரெண்டு தடவ வெச்சிருக்கியே, வடக்க இருக்கறவன் ஆகாசத்துலயா இருக்கான்?"

"நான் சரியாத்தான் அடிச்சேன். குரல் நின்னுபோச்சு."

"எனக்குக் குரல் கிரல் எல்லாம் தெரியாது. இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா வேற ஆள் வெப்பேன். மனசுல வெச்சுக்க."

வேறு ஆள் என்றால் கண் தெரிந்த ஆள். எனக்கோ திரும்ப இந்த வண்டிதான். சீப்பு, பேனா, பட்ஸ். ஐம்பத்தோரு வயசில்.

அன்றைக்கே குழுவுக்கு எழுதினேன். அவர்களிடம் ஒரு பட்டியல் உண்டு. கோளாறு வந்தால் அதில் பதிய வேண்டும், அதற்கு ஒரு எண் கொடுப்பார்கள். என்னுடையது இருநூற்றிப் பன்னிரண்டு. என்ன பண்ணினீர்கள், அதற்கு முன்னால் என்ன பண்ணினீர்கள் என்று படிப்படியாக எழுதச் சொல்வார்கள். அதே படிகளை அவர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் செய்து பார்ப்பார்கள். அங்கேயும் நின்றால் பிடித்துவிடலாம். நிற்காவிட்டால்? நாலாம் நாள் பதில் வந்தது. மூன்றே சொல். "எங்கள் கணினியில் வரவில்லை." புகாரை மூடிவிட்டார்கள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. உங்கள் வீட்டில் மழை பெய்யவில்லை என்றால் என் வீட்டில் ஒழுகாதா? திறந்து மறுபடி எழுதினேன். மறுபடி மூடினார்கள். மறுபடி திறந்தேன். ஆறு தடவை, சார். ஆறாவது தடவை எழுதினது கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும். அதற்கப்புறம்தான் ரெஜினா அம்மா போனில் வந்தாங்க. குரல் வருகிற பகுதியை முழுசாக எழுதினது அவங்க ஒருத்தர்தானாம்.

"சார், உங்க புகாரை நான் எடுத்துக்கிறேன். ரெண்டு வாரம் டைம் குடுங்க."

"நாலு நாள்."

"சார், எல்லாரும் ஆபீஸ் முடிச்சுட்டு வந்துதான் இதைச் செய்யறோம்..."

"சரி, அஞ்சு. அதுக்கு மேல முடியாது."

"இதுல பேரம் எல்லாம் பேசக் கூடாது சார்," என்றாங்க. ஆனால் ஏழில் முடிந்தது. அந்த அம்மாவுக்குப் பேரம் பேசத் தெரியவில்லை. ஒன்பதில் நின்றிருந்தால் நான் ஒத்துக்கொண்டிருப்பேன்.

இன்னொரு விஷயம் கேளுங்க. கண் தெரியாதவனிடம் பேசினால் ஊர் முழுக்க, காது கேளாதவனிடம் பேசுகிற மாதிரிக் கத்தும். நீங்ககூட முதலில் கொஞ்சம் கத்தினீங்க, பரவாயில்லை. அந்த அம்மா கத்தவே இல்லை. சாதாரணமாகப் பேசினாங்க. அப்போதே எனக்குச் சந்தேகம்.

தூரத்திலிருந்தே என் கம்ப்யூட்டருக்குள் வந்து பார்க்கலாம், அதற்கு ஒரு வழி இருக்கிறது என்றாங்க. ஊரார் பத்திரம் எல்லாம் உள்ளே கிடக்கிறது, முன்பின் தெரியாதவரை எப்படி விடுவது? கோதண்டம் கேட்டால் என்னை வெளியே தள்ளுவார். பத்திரம் எல்லாவற்றையும் பென்டிரைவில் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் விட்டேன். ரெண்டு மணி நேரம் உள்ளே இருந்தாங்க. நான் அடித்துக்கொண்டே இருந்தேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. "சரி சார், நாளைக்கு வர்றேன்" என்று வெளியே போனாங்க. போய் அரை மணியில் ஊமை.

மறுநாள் வந்தாங்க. நிற்கவில்லை. போனாங்க. நின்றது.

மூன்றாம் நாளும் அப்படியே. நீங்களே சொல்லுங்க, உங்களுக்கு என்ன தோன்றும்?

ஏழு நாள் முடிந்தது. ஒன்றும் பிடிபடவில்லை. நேரில் வருகிறேன் என்றாங்க. சென்னையிலிருந்து, சனிக்கிழமை, இதே லைனில். வரட்டும், நேரில் மாட்டட்டும் என்று நானும் சரி என்றேன். கோதண்டத்துக்கு ஒரே பரபரப்பு. "எஞ்சினியர் அம்மா வருதாம்" என்று கொட்டகையைக் கூட்டித் தண்ணீர் தெளித்தார். எங்கிருந்தோ மெத்தை போட்ட நாற்காலி கொண்டுவந்தார். நானும் என் பங்குக்குச் சொன்னேன். "கண்ணு தெரிஞ்சவங்க வர்றாங்க, பாக்கறதுக்கு அவங்களுக்கு எதுவும் இல்லியே. மன்சூர்கிட்ட ஒரு மானிட்டர் கேட்டு வாங்கி மாட்டுங்க." மன்சூர் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர். கொடுத்தார், மாட்டினோம். விருந்தாளிக்கு இலை போடுகிற மாதிரி சார், அவ்வளவுதான்.

ரெஜினா அம்மா பத்து மணிக்கு வந்தாங்க. சாயங்காலம் நாலு வரை என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாங்க. மத்தியானம் கொண்டுவந்த எலுமிச்சை சாதத்தில் பாதியை எனக்குக் கொடுத்தாங்க. நான் வாங்கவில்லை. அன்றைக்கு நான் எத்தனை பத்திரம் அடித்தேன் தெரியுமா? ஆறு. ஒரு சொல் விடாமல் காதில் வந்தது. கோதண்டம் வெற்றிலையைக்கூட மறந்துவிட்டார்.

"சார், உங்க கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு," என்றாங்க கடைசியில். அந்தக் குரலில் களைப்பு இருந்தது. "எனக்கே ஒண்ணும் புரியல. நான் நம்பலன்னு மட்டும் நினைக்காதீங்க."

நம்பலைன்னு நினைக்காதீங்க! இந்த வார்த்தையை எத்தனை பேர் வாயில் கேட்டிருப்பேன் சார். போலீஸ்காரன் சொல்லியிருக்கிறான், டாக்டர் சொல்லியிருக்கிறான், என் சொந்த அண்ணன் பாகம் பிரிக்கும்போது சொல்லியிருக்கிறான். சொன்னவன் எவனும் என்னை நம்பினதில்லை.

அவங்க ரயில் ஏறினாங்க. மானிட்டரை மன்சூரிடம் திருப்பிக் கொடுத்தோம். திங்கட்கிழமை காலையில் உட்கார்ந்தேன், பதினொன்றரைக்கு ஊமை. கோதண்டம் திட்டியிருந்தால் பரவாயில்லை. யாரோ ஒரு பையனுக்குப் போன் போட்டு, "டைப்பிங் தெரியுமாப்பா?" என்று விசாரிப்பது என் காதில் விழுந்தது.

அப்போதுதான் பேசினேன். குழுவுக்கு வாட்ஸ்அப் உண்டு, நூற்றி நாற்பது பேர். அதில் குரல் பதிவு போட்டேன். எல்லோரும் ஏதோ கொலை பண்ணின மாதிரிச் சொல்கிறார்கள், அப்படி என்ன சொன்னேன்? "அந்தம்மா வர்றப்ப பூட்டைத் திறக்கறாங்க, போறப்ப பூட்டிட்டுப் போறாங்க. வந்தா ஓடுது, போனா நிக்குது, பேய்கூட இவ்ளோ ஒழுங்கா வேலை செய்யாது. வெளிநாட்டுச் சாமானை வாங்க வைக்கறதுக்கு எந்தக் கம்பெனி உங்களுக்குப் படியளக்குதுன்னு சொல்லிடுங்க. குருடனுக்குச் சும்மா உழைக்கறேன்னு வேஷம் போடாதீங்க." அவ்வளவுதான். இன்னும் ரெண்டு மூணு வார்த்தை இருந்திருக்கும். அது கோபத்தில் வந்தது, அதைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

நூற்றி நாற்பது பேரும் ஊமை. பார்த்தீர்களா, குற்றமுள்ள நெஞ்சு என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று நாள் கழித்து அந்த அம்மாவிடமிருந்து போன். வணக்கம் இல்லை, சௌக்கியமா இல்லை. "சார், கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பின்னால கையை விடுங்க. என்னென்ன ஒயர் சொருகியிருக்குன்னு தொட்டுப் பார்த்து ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"எதுக்கு?"

"சொல்லுங்க சார். அப்புறம் என்னைத் திட்டலாம்."

தடவினேன். கரண்டு ஒயர். கீபோர்டு. காதுக்கு மாட்டுகிறது. பிரிண்டர். இன்டர்நெட் குச்சி.

"அப்புறம்?"

"அவ்ளோதான்."

"திரை?"

"எந்தத் திரை?"

"மானிட்டர் சார். மானிட்டர் ஒயர்."

"எனக்கு எதுக்கும்மா மானிட்டர்?"

அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்டது.

எனக்கு எதற்கு சார் மானிட்டர்? நீங்களே சொல்லுங்க. மேஜையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. கொட்டகையில் சித்திரை வெயில், தகரம் காய்கிறது. மன்சூரிடம் ஒரு டேபிள் ஃபேன் சும்மா கிடந்தது. மானிட்டர் உனக்கு, ஃபேன் எனக்கு என்று பேசி முடித்தேன். அந்த ஆள் மேற்கொண்டு இருநூறு கேட்டார், நான் ஒரு ஸ்டூலையும் சேர்த்துத் தரச் சொன்னேன், கடைசியில் சரிக்குச் சரி. கோதண்டமும் அந்தக் காற்றில்தான் உட்கார்ந்திருந்தார். அது ஒன்பதாம் மாச ஆரம்பத்தில். எட்டு மாசம் நல்லா ஓடிச்சே, அப்போ என்ன மாத்தினீங்க என்று அந்த அம்மா என்னை ஏழெட்டுத் தடவை கேட்டிருக்காங்க. ஒன்றும் மாற்றவில்லை என்றுதான் சொன்னேன். பொய் இல்லை சார். வீட்டுக்கு வெளியே கிடந்த ஒரு கல்லை யாராவது எடுத்துப் போனால், வீட்டில் என்ன மாறியது என்று கேட்டால் அதைச் சொல்வீர்களா? எனக்கு மானிட்டர் அப்படித்தான்.

விஷயம் என்னவென்றால், திரை மாட்டாத கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பார்க்க ஆளே இல்லையே என்று வரைவதை நிறுத்திவிடுமாம். செவிவழியோ, வரைந்து முடி, அப்புறம் படிக்கிறேன் என்று காத்துக்கொண்டு நிற்குமாம். அது வரையாது, இது படிக்காது. ரெண்டு மரியாதைக்காரர்கள் வாசலில் நின்று, நீங்க முதல்ல போங்க என்று சொல்லிக்கொண்ட கதைதான். தூரத்திலிருந்து ஆள் உள்ளே வந்தால், திரை வந்துவிட்டது என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொள்ளுமாம். அந்த அம்மா நேரில் வந்த அன்றைக்கோ, நாங்களே மானிட்டரை மாட்டி வைத்தோம். எழுதுகிறவர்கள் எல்லோரும் கண் தெரிந்தவர்கள். ஒருத்தர் வீட்டிலும் திரை இல்லாத கம்ப்யூட்டர் கிடையாது. அப்புறம் எங்கே வரும்?

மூச்சு கேட்டது என்றேனே, அப்புறம் அந்த அம்மா சிரித்தாங்க. முதலில் மெதுவாக, அப்புறம் அடக்க முடியாமல். நான் போனை வைத்துவிட்டேன். என்னைப் பார்த்துச் சிரிக்க எவருக்கும் உரிமை இல்லை. நான் வைத்த அந்தப் போன்தான் கடைசி.

மகுடபதி சார்தான் மிச்சத்தைச் சொன்னார். அந்த அம்மா வீட்டில் மானிட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, செவிவழிக் குரலை மட்டும் கேட்டு ஒன்பது நாள் வேலை பார்த்தாங்களாம். எங்களை மாதிரி, கண்ணே இல்லாமல், அதுவும் ஆபீஸ் முடித்து வந்து. பிள்ளைக்குப் பரீட்சை வேறு. முதல் நாள் ஒரு வரி எழுத ஒரு மணி நேரம் ஆச்சாம். பத்தாம் நாள் சரிபண்ணினது வந்தது. இன்றைக்கு நாற்பத்தோரு நாள், கொட்டகையில் ஒரு தடவைகூட நிற்கவில்லை. கோதண்டம் டைப்பிங் பையனை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். என் இடம் என் இடம்தான்.

இன்னொன்றும் சொன்னார். இதே கோளாறு வேறு பதினொரு பேருக்கு இருந்திருக்கிறது. எல்லோரும் திரையைக் கழற்றிப் போட்டவர்கள். ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. சும்மா கொடுத்ததில் குறை சொல்லக் கூடாது, நம்ம கம்ப்யூட்டர்தான் மட்டம் என்று இருந்துவிட்டார்களாம். பார்த்தீங்களா? நான் கத்தினேன், பதினொரு பேருக்கு விடிந்தது. அதற்கு எனக்கு யாராவது ஒரு நன்றி சொன்னார்களா? இல்லை. மன்னிப்புக் கேள் என்கிறார்கள்.

"ஒரு வார்த்தை எட்டியப்பன்," என்றார் மகுடபதி சார், நேற்றைக்கு. "நாளைக்குக் கூட்டத்துல ரெஜினா பொறுப்ப ஒப்படைச்சுட்டுப் போகப் போறா. அந்தப் பகுதியத் தொட வேற ஆளு இல்ல. அடுத்து ஏதாவது நின்னா நின்னதுதான். நீ எல்லார் முன்னாலயும் ஒரு வார்த்தை சொன்னா இருந்தாலும் இருப்பா."

"வேலை ஜாஸ்தின்னுதான போறாங்க. என்னால இல்லியே."

"அப்படியா நினைக்கறே?"

"அவங்களே எழுதியிருக்காங்க சார்."

"சரிய்யா," என்றார். அந்த மனுஷன் நேற்றைக்குச் சிரிக்கவில்லை.

நான் வியாபாரி சார். முதலில் இறங்கினவன் தோற்றவன். நான் எல்லோர் முன்னாலும் தப்பு என்று சொல்லி, அந்த அம்மா அப்படியும் போய்விட்டால்? சரக்கும் போச்சு, விலையும் போச்சு. அதைத்தான் யோசிக்கிறேன். மற்றபடி எனக்குப் பயம் எல்லாம் கிடையாது.

அவங்க எழுதினதா? இருக்கிறது. போன வாரம் வந்தது. போனிலும் செவிவழி உண்டு, அதுவே படித்துக் காட்டும், கேளுங்க. "எட்டியப்பன் சார், உங்கள் கணினியில் இனி நிற்காது. நின்றால் அது எங்கள் தவறு, உங்கள் தவறு அல்ல. வேலை அதிகமாக இருப்பதால் நான் குழுவிலிருந்து விலகுகிறேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ரெஜினா."

கேட்டீங்களா? தெற்கே முனுசாமி நிலம், மேற்கே வண்டிப்பாதை என்று அதே மாதிரிதான் இதையும் படிக்கிறது. கோபம் இல்லை என்று வருகிறது. சரி. எப்படிச் சொன்னாங்க? பல்லைக் கடித்துக்கொண்டா? பெருமூச்சு விட்டுக்கொண்டா? எத்தனை தடவை போட்டுக் கேட்டாலும் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன் பண்ணிக் கேட்கலாமே என்கிறீங்களா? எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். எழுத்தில் எதை வேண்டுமானாலும் எழுதலாம் சார். குரலில் மறைக்க முடியாது. பத்தொன்பது வருஷம் குரலை மட்டும் வைத்து ஆளை எடை போட்டவன் நான். அந்த அம்மா "ஹலோ" என்றால் போதும், எனக்குத் தெரிந்துவிடும். அதனால்தான் பண்ணவில்லை.

ஒன்று செய்யுங்க. இந்தாங்க போன். பிடிங்க, பிடிங்க. கீழே போட்டுவிடாதீங்க. நீங்க ஒரு தடவை வாய்விட்டுப் படிங்க. மனுஷன் வாயால் வந்தால் எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். கண்ணுக்கு எழுத்தில் ஏதாவது தெரியுமே, எங்கே அழுத்தினாங்க, எங்கே விட்டாங்க என்று.

தெரியாதா? எழுத்து எல்லாம் ஒரே மாதிரியா இருக்கிறது? சரி, படிங்க.

...

சார், தப்பா நினைக்காதீங்க. நீங்களும் மெஷின் மாதிரியேதான் படிக்கிறீங்க.

கொடுங்க போனை. அடுத்தது என்ன, செங்கல்பட்டா? இவ்வளவு சீக்கிரமாகவா? முன்பெல்லாம் இந்த வண்டி இங்கே அரை மணி நிற்கும்.

நம்பர் எனக்கு மனப்பாடம், நீங்க போட வேண்டாம். ரிங் போகிறது. எடுக்க மாட்டாங்க, பாருங்க. என் பேரைப் பார்த்தால் எப்படி எடுப்பாங்க. எடுக்கவே... சார், கொஞ்சம் சும்மா இருங்க.

ஹலோ. அம்மா, நான் எட்டியப்பன். திண்டிவனம் எட்டியப்பன்.

இல்லம்மா. நிக்கல. இல்ல, இல்ல, நல்லாத்தான் பேசுது. நேத்துகூட அஞ்சு பத்திரம் அடிச்சேன்.

ஒரு கோளாறும் இல்லம்மா, நிஜமாத்தான் சொல்றேன். நீங்க ஒண்ணும் இப்ப கம்ப்யூட்டரப் போட வேணாம்.

அதுக்கில்லம்மா. அதுக்காகக் கூப்பிடல.